கறுப்பாக இருந்தால் குளிர்ச்சியாக இருக்குமா? கண்ணாடிப் படலங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கார் கண்ணாடிக்குப் படலம் ஒட்டப்போவதாகச் சொன்னால், கேட்பவர் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு கறுப்பு?" என்பதைத்தான். வீட்டு ஜன்னலுக்கும் அதே கேள்வி. கறுப்பு கூடினால் வெயில் குறையும், வெயில் குறைந்தால் சூடு குறையும் என்ற கணக்கு நம் மனத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் பழைய காரின் பக்கக் கண்ணாடிகளில், கிடைத்தவற்றிலேயே அடர்ந்த கறுப்புப் படலத்தை ஒட்டினேன். பகலில் உள்ளே மங்கலாக இருந்தது உண்மை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையின் மேல் விழுந்த சூடு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பிறகு ஒரு மழை இரவில், பக்கச் சாலையிலிருந்து வந்த ஒரு சைக்கிளை மிகத் தாமதமாகப் பார்த்தேன். பிரேக் சமயத்தில் பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரமே படலத்தை உரித்துவிட்டேன்.

நான் செய்த தவறு, வெளிச்சத்தையும் சூட்டையும் ஒன்றாக எண்ணியதுதான். படலம் விற்பவர்களில் பலரும் இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்குவதில்லை; வாங்குபவரும் கேட்பதில்லை. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று புரிந்துகொண்டால், காருக்கோ வீட்டுக்கோ படலம் தேர்ந்தெடுப்பது கடினமான வேலையே இல்லை.

## வெயிலுக்குள் என்ன இருக்கிறது

டிவி ரிமோட்டின் செய்தியைப் பெறும் கருவி, பெரும்பாலான டிவிகளின் கீழ் விளிம்பில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். நம் கண்ணுக்கு அந்தப் பிளாஸ்டிக் அடர்கறுப்பு; உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் ரிமோட் அனுப்பும் கதிருக்கு அது திறந்த வாசல். பொத்தானை அழுத்தியதும் கதிர் அதன் வழியாக நேரே உள்ளே போய்விடுகிறது. கண்ணுக்குக் கறுப்பாக இருப்பது எல்லாக் கதிருக்கும் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

சூரிய ஒளி அலைகளாக வருகிறது. இரண்டு அலை முகடுகளுக்கு இடையிலான தூரம்தான் அலைநீளம். அதை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தரைக்கு வந்துசேரும் வெயிலில் மூன்று வகை அலைகள் உண்டு.

ஏறத்தாழ 300 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளவை புற ஊதாக் கதிர்கள். இவை கண்ணுக்குத் தெரியாது. தோலையும் துணியையும் மரச்சாமானின் நிறத்தையும் பாதிப்பவை. 400 முதல் 780 வரை உள்ளது நாம் பார்க்கும் வெளிச்சம். 780 முதல் 2,500 வரை உள்ளவை அகச்சிவப்புக் கதிர்கள். இவையும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோலில் பட்டால் சுடும்.

இப்போது முக்கியமான எண்களுக்கு வருவோம். வெயில் சுமந்துவரும் ஆற்றலை 100 பங்காக வைத்தால், ஏறத்தாழ 4 பங்கு புற ஊதாவில், 44 பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியில், 52 பங்கு அகச்சிவப்பில் இருக்கிறது. அதாவது, பாதிக்கும் மேற்பட்ட ஆற்றல் கண்ணால் பார்க்கவே முடியாத பகுதியில் இருக்கிறது. படலத்தைக் கையில் பிடித்து "நல்ல கறுப்பு" என்று நாம் மதிப்பிடும்போது அந்த 44 பங்கை மட்டுமே பார்க்கிறோம். அந்த டிவிப் பிளாஸ்டிக்கைப் போல, மலிவான கறுப்புப் படலங்கள் பலவும் அகச்சிவப்புக்கு வழிவிட்டுவிடுகின்றன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சூடுதான். அது இருக்கையிலும் தரையிலும் பட்டு உறிஞ்சப்பட்டதும் வெப்பமாக மாறிவிடும். எனவே கறுப்புப் படலம் ஒன்றுமே செய்யாது என்று சொல்வதும் தவறு. அது செய்வது பாதி வேலை. அதற்கு நாம் கொடுப்பது பார்வையின் தெளிவை.

## கண்ணாடி தானாகவே என்ன செய்கிறது

படலம் இல்லாத கண்ணாடியும் சும்மா இருப்பதில்லை. ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல.

காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் அடுக்கு வைத்து ஒட்டியது. இதை அடுக்குக் கண்ணாடி என்பார்கள். உடைந்தாலும் சில்லுகள் அந்த அடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நடு அடுக்கு புற ஊதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதுமே தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகளோ பெரும்பாலான கார்களில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த ஒற்றைத் தகடு. அதன் பெயர் கடினக் கண்ணாடி. உடைந்தால் சிறு சிறு கட்டிகளாகச் சிதறும். புற ஊதாவில் 'பி' வகை, 'ஏ' வகை என்று இரண்டு நம்மை எட்டுகின்றன. தோலை உடனே சிவக்கவைக்கும் 'பி' வகையைச் சாதாரணக் கண்ணாடியே பெருமளவு தடுத்துவிடும். தோலுக்குள் ஆழமாக இறங்கும் 'ஏ' வகையில் கணிசமான பகுதி ஒற்றைத் தகட்டின் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

இதன் விளைவை 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஒரு புகைப்படம் காட்டியது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய, 69 வயதான ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னத்தில் தோல் தடித்து, ஆழமாகச் சுருங்கி, பல ஆண்டுகள் கூடுதலாக முதுமை அடைந்திருந்தது. வலது பக்கம் அவர் வயதுக்கு ஏற்றபடி இருந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சூட்டைப் பொறுத்துக்கொண்டாலும், இதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஏனென்றால் நல்ல படலம் எதுவும், நிறமே இல்லாத தெளிவான படலம் உட்பட, புற ஊதாவில் 99 சதவீதம் வரை தடுத்துவிடும். அதற்குக் கருமை தேவையே இல்லை.

மூடி நிறுத்திய கார் ஏன் உலைபோல் ஆகிறது என்பதும் கண்ணாடியின் குணம்தான். வெயில் கண்ணாடி வழியாக எளிதாக உள்ளே வருகிறது. இருக்கைகள் அதை உறிஞ்சிச் சூடாகி, வெப்பத்தைத் திரும்ப உமிழ்கின்றன. ஆனால் அவை உமிழ்வது பல ஆயிரம் நானோமீட்டர் நீளமுள்ள நீண்ட அலைகள். கண்ணாடி அவற்றை நேராகக் கடக்க விடுவதில்லை. சூடான காற்றும் வெளியேற வழியில்லை. வந்தது வந்ததுதான். ஆகவே படலத்தின் வேலை, வெயிலை உள்ளே நுழையும் முன்பே நிறுத்துவது. உள்ளே வந்துவிட்ட சூட்டை அது வெளியேற்றாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வெயிலில் மூன்று வகைக் கதிர்கள், அவற்றில் ஒன்றைத்தான் கண் பார்க்கிறது, தோலைக் காக்கவும் சூட்டைக் குறைக்கவும் வேண்டிய தடுப்பு மற்ற இரண்டிலும் இருக்கிறது.

## தடுத்த சூடு எங்கே போகிறது

கதிரைத் தடுப்பதற்குப் படலத்திடம் இரண்டு வழிகள்தான் உண்டு. பந்தைச் சுவர் திருப்பி அனுப்புவதுபோல் அனுப்பலாம், அது பிரதிபலிப்பு. அல்லது தண்ணீரைப் பஞ்சு இழுத்துக்கொள்வதுபோல் விழுங்கலாம்; அது உறிஞ்சல்.

பிரதிபலித்தது போய்விட்டது, அதைப் பற்றிக் கவலையில்லை. உறிஞ்சியது போகவில்லை, கண்ணாடியிலேயே தங்கி அதைச் சூடாக்குகிறது. சூடான கண்ணாடி இரண்டு பக்கமும் வெப்பத்தை விடும். வெளிப்பக்கம் காற்று வீசுவதால் பெரும்பகுதி வெளியே போகும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளே வரும் என்று பொதுவாகக் கணக்கிடலாம். கார் ஓடும்போது வெளிக்காற்று வேகமாக உரசுவதால் உள்ளே வரும் பங்கு குறைகிறது. காற்றில்லாத இடத்தில் நிறுத்திய காரில் அது கூடுகிறது. படலம் ஒட்டிய கண்ணாடியை வெயிலில் தொட்டுப் பார்த்தவர்கள் "முன்பைவிடச் சுடுகிறதே, ஏமாற்றிவிட்டார்களோ" என்று சந்தேகப்படுவதுண்டு. உறிஞ்சும் படலம் என்றால் அப்படித்தான் சுடும். அது வேலை செய்வதன் அடையாளம்.

## அட்டையில் உள்ள நான்கு எண்கள்

நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு படலத்துக்கும் ஓர் அளவைத்தாள் தருவார். அதில் நான்கு எண்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒளிக்கடத்தல். ஆங்கிலச் சுருக்கமாக விஎல்டி என்று எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் கடந்துபோகிறது என்பதுதான் அது. 70 என்றால் வெளிச்சமான படலம். 5 என்றால் கிட்டத்தட்ட இருட்டு. எண் குறையக் குறையக் கறுப்பு கூடும் என்பதால் புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது, புற ஊதாத் தடுப்பு. முன்பே சொன்னதுபோல் இது எல்லா நல்ல படலத்திலும் 99-ஐ ஒட்டியே இருக்கும். இதை வைத்து ஒன்றை மற்றதைவிட உயர்ந்தது என்று சொல்ல முடியாது. "நிறம் மங்கவே மங்காது" என்ற வாக்குறுதியையும் இந்த எண்ணை நம்பி ஏற்க வேண்டாம். திரைச்சீலையும் மரத்தரையும் வெளுப்பதற்குப் புற ஊதா முக்கியக் காரணம் என்றாலும், வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. படலம் வெளுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

மூன்றாவது, அகச்சிவப்புத் தடுப்பு. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இதுதான்: "90 சதவீதம்", "97 சதவீதம்". இங்கேதான் கவனம் வேண்டும். அகச்சிவப்பு 780 முதல் 2,500 வரை நீண்டிருக்க, பலர் 900 முதல் 1,000 வரையிலான குறுகிய துண்டில் மட்டும் அளந்த எண்ணைப் போடுகிறார்கள். அதிலும் நேராகக் கடக்காததை எல்லாம் "தடுத்தது" என்று சேர்த்துவிடுகிறார்கள்; உறிஞ்சி, பிறகு உள்ளே விடும் சூடு அந்தக் கணக்கில் இல்லை.

நான்காவதுதான் நாம் கேட்க வேண்டியது: மொத்தச் சூரிய ஆற்றல் தடுப்பு. சுருக்கமாக டிஎஸ்இஆர். மூன்று வகைக் கதிர்களையும் சேர்த்து, உறிஞ்சி உள்ளே திரும்பும் வெப்பத்தையும் கழித்துவிட்டு, கடைசியில் எத்தனை சதவீதம் வெளியே நின்றது என்று சொல்லும் எண் இது. ஒரு மெல்லிய சாதாரணக் கண்ணாடி படலமே இல்லாமல் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தடுக்கும் என்பதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் எப்படி ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காகக் கண்ணாடியின் சொந்தப் பங்கை விட்டுவிடுகிறேன். இரண்டு படலங்களும் உறிஞ்சும் வகை என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படலம் நல்ல கறுப்பு. புற ஊதாவின் 4 பங்கையும் தடுக்கிறது. வெளிச்சத்தில் 90 சதவீதத்தை, அதாவது 44-இல் ஏறத்தாழ 40 பங்கைத் தடுக்கிறது. அகச்சிவப்பில் வெறும் 15 சதவீதம், அதாவது 52-இல் 8 பங்கு. மொத்தம் 52 பங்கு படலத்தில் நிற்கிறது. அதில் மூன்றில் ஒன்று, சுமார் 17, சூடாக உள்ளே திரும்புகிறது. உண்மையில் தடுத்தது 35.

இரண்டாம் படலம் வெளிச்சமானது. புற ஊதாவின் 4 பங்கு நிற்கிறது. வெளிச்சத்தில் 60 சதவீதத்தை விட்டுவிடுகிறது. தடுப்பது 18 பங்கு. அகச்சிவப்பில் 90 சதவீதம், 47 பங்கு. மொத்தம் 69. மூன்றில் ஒன்றான 23 உள்ளே திரும்புகிறது. உண்மையில் தடுத்தது 46.

வெளியே பளிச்சென்று தெரியும் படலம், கருங்கும்மென்று இருக்கும் படலத்தைவிட அதிகச் சூட்டைத் தடுத்துவிட்டது. அதே நேரத்தில், அட்டையில் "90 சதவீதம்" என்று போட்டிருக்கும் படலம் மொத்தத்தில் தடுத்தது பாதிக்கும் குறைவு. இரண்டு உண்மைகளும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. படலம் பற்றிய பேச்சில் நிலவும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்கைப் போடாததால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைகளில் காட்டும் விளக்குச் சோதனையையும் இங்கேயே சொல்லிவிடலாம். சூடான ஒரு விளக்கின் முன் படலம் ஒட்டிய கண்ணாடியை வைத்து, பின்னால் கையை நீட்டச் சொல்வார்கள். சூடே தெரியாது. ஆனால் சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதன் ஒளி 500 நானோமீட்டரை ஒட்டி உச்சம் அடைகிறது. விளக்கின் இழை ஏறத்தாழ 2,200 டிகிரிதான். அது உமிழ்வதில் பெரும்பகுதி 1,000 நானோமீட்டருக்கு மேலான அகச்சிவப்பு. அகச்சிவப்பை நன்றாகத் தடுக்கும் படலம் விளக்கின் முன் அற்புதமாகத் தெரிவதில் வியப்பில்லை. வெயிலில் அது அவ்வளவு அற்புதமாக இருக்காது. மேலும் பத்து நொடிச் சோதனையில் உறிஞ்சிய சூடு வெளிப்பட நேரமும் இல்லை. மாதிரிக் கண்ணாடிகளை வெயிலில் பத்து நிமிடம் வைத்து, பிறகு பின்னால் கையை வைத்துப் பாருங்கள். அது நேர்மையான சோதனை.

## படலங்களின் வகைகள்

எல்லா ஜன்னல் படலத்துக்கும் அடிப்படை பாலியெஸ்டர் தாள். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கீறலைத் தாங்கும் கடினப்பூச்சு. சூரியத் தடுப்புப் படலத்தின் தடிமன் 40, 50 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது முடியைவிட மெல்லிய தாள் இது. வேறுபாடு, தாளுக்குள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதில்தான்.

சாயப் படலம் விலை குறைந்தது. வெளிச்சத்தை மங்கவைக்கும், சூட்டை ஓரளவே குறைக்கும். சில ஆண்டுகளில் சாயம் சிதைந்து ஊதாநிறமாக மாறும். சாலையில் ஊதா பூத்த கண்ணாடியோடு போகும் பழைய கார்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். கார்பன் துகள் கலந்தது இதற்கு அடுத்த படி: நிறம் மாறாது, சூட்டையும் கூடுதலாக உறிஞ்சும்.

உலோகப் படலத்தில் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. அது பிரதிபலிப்பதால் சூட்டை நன்றாகவே திருப்பி அனுப்பும். ஆனால் வெளியே கண்ணாடிபோல் பளபளக்கும். காரில் ஒட்டினால் கைப்பேசி, ஜிபிஎஸ், ரேடியோ அலைகளுக்கு இடைஞ்சல் வரலாம். வீட்டில் இதைவிடக் காரில் தொல்லை அதிகம், ஏனென்றால் காரைச் சுற்றி ஏற்கெனவே உலோகக் கூடுதான். அலைகள் நுழையும் வழியே கண்ணாடிகள்தான்.

செராமிக் படலம் என்பது உலோக ஆக்சைடு போன்ற பொருள்களின் மிக நுண்ணிய துகள்களைக் கலந்தது. இண்டியம் டின் ஆக்சைடு அவற்றில் ஒன்று. இந்தத் துகள்களின் சிறப்பு, வெளிச்சத்தைப் பெருமளவு விட்டுவிட்டு அகச்சிவப்பைப் பிடித்துக்கொள்வது. அலைகளுக்கும் இடைஞ்சல் தராது. விலை கூடுதல். இதைத் தவிர, நூற்றுக்கணக்கான நுண்ணடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அகச்சிவப்பை மட்டும் பிரதிபலிக்கும்படி செய்த படலங்களும் உண்டு. அவை இன்னும் விலை கூடியவை.

## காருக்கு

எந்தப் படலத்தையும் விரும்புவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. சில இடங்களில் படலமே கூடாது, சில இடங்களில் பின்பக்கத்துக்கு மட்டும் விலக்கு. முன்கண்ணாடியில் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் கடக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதிகளில் உள்ள அளவு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விதி சொல்வது கண்ணாடியும் படலமும் சேர்ந்த கணக்கு. காரின் பக்கக் கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சற்று நிறம் ஏறி 75 சதவீதம் மட்டும் கடத்தலாம். அதன்மேல் 70 சதவீதப் படலத்தை ஒட்டினால் கிடைப்பது 70 அல்ல. 75-இல் 70 சதவீதம், அதாவது 52.5. "எழுபது என்று சொல்லித்தானே ஒட்டினார்கள்" என்று பிறகு வாதிட்டுப் பயனில்லை. ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடியை ஒளிமானியால் அளக்கச் சொல்லுங்கள். பெருக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சட்டம் அனுமதித்தாலும் ஓட்டுநரின் முன்னும் இருபுறமும் உள்ள கண்ணாடிகளில் கருமையை நான் ஏற்கமாட்டேன். பகலில் 35 சதவீதப் படலம் இதமாகத் தெரியும். விளக்கில்லாத சாலையில், மழையில், கறுப்பு உடை அணிந்து நடக்கும் ஒருவரைப் பார்க்க நமக்கு இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது எடுத்துவிடும். சூட்டைக் குறைக்க வெளிச்சமான படலங்கள் இருக்கும்போது இந்த விலையைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

பின்கண்ணாடியில் பனியை நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருந்தால், பழைய படலத்தை உரிக்கும்போது அவை படலத்தோடு பெயர்ந்துவிடக்கூடும். பிளேடால் சுரண்ட விடாதீர்கள். நீராவியால் பசையை இளக்கி மெதுவாக உரிப்பதுதான் முறை.

## வீட்டுக்கு

வீட்டு ஜன்னலில் கவனிக்க வேண்டியது முற்றிலும் வேறு: கண்ணாடி விரிசல் விடுவது.

படலம் உறிஞ்சிய சூட்டால் கண்ணாடியின் நடுப்பகுதி விரிகிறது. சட்டத்துக்குள் செருகியிருக்கும் ஓரம் வெயில் படாமல் குளிர்ந்தே இருக்கிறது. நடுப்பகுதி விரிய முயல, ஓரம் பிடித்து இழுக்க, அந்த இழுவிசை தாங்காமல் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பி உள்ளே ஓடும். கல்லெறி எதுவும் தேவையில்லை. கடினக் கண்ணாடி இதை எளிதாகத் தாங்கும். சாதாரணக் கண்ணாடியோ இந்த விஷயத்தில் மிகவும் பலவீனமானது. இரட்டைக் கண்ணாடி (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தகடுகளைப் பொருத்தியது), அடுக்குக் கண்ணாடி, உள்ளே கம்பி வலை வைத்த கண்ணாடி, மிக அகலமான ஒற்றைத் தகடு, ஓரத்தில் ஏற்கெனவே சில்லு பெயர்ந்த தகடு, பாதி நிழலும் பாதி வெயிலுமாக இருக்கும் ஜன்னல் ஆகியவற்றில் ஆபத்து கூடும். படலத் தயாரிப்பாளர்கள் எந்தக் கண்ணாடிக்கு எந்தப் படலம் பொருந்தும் என்ற அட்டவணை வைத்திருப்பார்கள். அதைக் காட்டாமல் ஒட்ட வருபவரை நம்ப வேண்டாம். இரட்டைக் கண்ணாடி என்றால், படலம் ஒட்டுவது கண்ணாடியின் உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

இதற்கு ஒரு மாற்று, வெளிப்பக்கம் ஒட்டும் படலம். உறிஞ்சிய சூடு வெளியிலேயே நிற்பதால், குறிப்பாக இரட்டைக் கண்ணாடியில், தடுப்பு கூடுதலாகக் கிடைக்கும். மழையும் தூசியும் நேரே படுவதால் ஆயுள் குறைவு.

அடுத்தது மறைவு. "நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் நம்மைப் பார்க்க முடியாது" என்று ஒருவழிப் படலத்தைப் பலர் நம்பி வாங்குகிறார்கள். படலத்துக்கு வழி எது என்று தெரியாது. இரண்டு பக்கத்தில் எது அதிக வெளிச்சமோ, அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடியாகும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம். ஆகவே வெளியே நிற்பவருக்கு வானமும் மரமும்தான் தெரியும். இரவில் நீங்கள் விளக்கைப் போட்டதும் எல்லாம் தலைகீழ். வெளியே இருப்பவருக்கு அறை முழுவதும் தெரியும். உங்களுக்கு உங்கள் முகமே தெரியும். இரவிலும் மறைவு வேண்டுமானால் திரைச்சீலையோ பால்நிறப் படலமோதான் வழி.

குளிர் மிகுந்த இடங்களில் இன்னொரு கேள்வி எழும்: கோடையில் தடுக்கும் படலம் குளிர்காலத்தில் வேண்டிய வெயிலையும் தடுக்காதா? தடுக்கும். அதனால் அங்கே தாழ்உமிழ்வுப் படலம் என்ற வகையைப் பார்க்க வேண்டும். அறையின் சூடு நீண்ட அலைகளாகக் கண்ணாடியை நோக்கிப் போவதை இது உள்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. ஜன்னலோரம் செடி வளர்ப்பவர்கள், படலத்துக்குப் பிறகு செடிக்கு வெளிச்சம் குறையும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

சுருக்கமாக, காரில் முதலில் பார்வையும் சட்டமும். வீட்டில் முதலில் கண்ணாடியின் வகை. சூட்டுக் கணக்கு இரண்டிலும் அதற்குப் பிறகுதான்.

## சூட்டோடு தொடர்பில்லாத படலங்கள்

"பாதுகாப்புப் படலம்" என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உலவுகின்றன.

ஒன்று, கண்ணாடிக்கான பாதுகாப்புப் படலம். 100 முதல் 200 மைக்ரானும் அதற்கு மேலும் தடிமன் உள்ளது. இது கண்ணாடி உடைவதைத் தடுக்காது. உடைந்த சில்லுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சூறாவளியிலும் வெடிப்பிலும் மனிதர்களைக் காயப்படுத்துவது பெரும்பாலும் பறக்கும் சில்லுகள் என்பதால் இதுவே பெரிய உதவி. ஆனால் படலத்தைக் கண்ணாடியில் மட்டும் ஒட்டினால், ஓங்கி அடிக்கும்போது கண்ணாடி முழுவதும் ஒரே விரிப்பாகச் சட்டத்திலிருந்து கழன்று விழலாம். திருடரைத் தாமதப்படுத்துவது நோக்கம் என்றால் படலத்தின் ஓரத்தைச் சிலிக்கோன் பசையால் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரில் இதை ஒட்டுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: விபத்தில் கண்ணாடியை உடைத்து வெளியேறுவதும் அதே அளவு கடினமாகும்.

மற்றது, காரின் பெயின்ட்டைக் காக்கும் பிபிஎஃப் என்ற படலம். இதன் மூலப்பொருள் பாலியெஸ்டர் அல்ல, ரப்பர்போல் இழுபடும் பாலியூரித்தேன். தடிமன் 150 முதல் 200 மைக்ரான். 1960-களில், வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலிறகு விளிம்புகளை மணலும் கற்சில்லும் தேய்க்காமல் காக்கப் பயன்பட்ட படலத்தின் வழித்தோன்றல் இது. சாலையில் தெறிக்கும் சிறுகல்லின் அடியை இழுபட்டு வாங்கிக்கொள்ளும். "தானே ஆறும்" என்று சொல்வது மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்களைப் பற்றித்தான். வெயிலோ வெந்நீரோ பட்டால் அவை மறையும். பெயின்ட் வரை இறங்கிய வெட்டு ஆறாது.

செராமிக் என்ற சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது. ஜன்னலுக்கான செராமிக் படலம் சூட்டைக் குறைப்பது. செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட்டின் மேல் துடைத்துப் பூசும் திரவம். உலர்ந்து ஓரிரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ ஓர் அடுக்காகும். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடும், கழுவுவது எளிது, பளபளப்பு நிற்கும். கல்லடியை அது தாங்காது. முடியில் நாற்பதில் ஒரு பங்கு தடிமன் உள்ள ஒன்று கல்லை எப்படித் தாங்கும்? கல்லடிதான் உங்கள் கவலை என்றால் பிபிஎஃப். கழுவும் சிரமம்தான் கவலை என்றால் கோட்டிங். கை சுடுவதுதான் கவலை என்றால் ஜன்னல் படலம்.

## ஒட்டிய பிறகு

படலத்தைச் சோப்புநீர் தெளித்துத்தான் ஒட்டுவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் படலத்தின் வழியாகவே மெதுவாக வெளியேற வேண்டும். மெல்லிய படலத்துக்குச் சில நாட்கள், தடித்த பாதுகாப்புப் படலத்துக்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை லேசான மங்கலும் சிறு நீர்க்குமிழ்களும் தெரிவது இயல்பு. ஊசியால் குத்தவோ விரலால் தள்ளவோ வேண்டாம். காரின் பக்கக் கண்ணாடிகளை முதல் சில நாட்கள் இறக்காதீர்கள். கீழே உரசும் ரப்பர், பசை பிடிக்காத ஓரத்தைச் சுருட்டிவிடும். துடைக்கத் தொடங்கியதும் மென்துணியும் சோப்புநீரும் போதும். அமோனியா கலந்த திரவங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஈரம் காய்ந்ததும் நீர்க்குமிழ்கள் தாமாக மறைந்துவிடும். அதன் பிறகும் அதே இடத்தில் புள்ளியாக நிற்பது தூசி. அது எத்தனை நாள் காத்திருந்தாலும் போகாது. ஓட்டுநரின் பார்வைக்கு நேராக அப்படி ஒன்று இருந்தால், ஒட்டியவரிடம் காட்டி அந்தக் கண்ணாடிக்கு மட்டும் புதிதாக ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்டும் நாளிலேயே உத்தரவாதச் சீட்டில் படலத்தின் பெயரையும் டிஎஸ்இஆர் எண்ணையும் எழுதி வாங்கியிருந்தால், மாற்றி ஒட்டும்போது அதே படலம்தான் வருகிறதா என்று சரிபார்க்கவும் முடியும்.